இருபதாவது ஆள்

கோவையிலோ திருப்பூரிலோ வளர்ந்துவரும் ஒரு சிறு பட்டறையின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று ஆள் ஏறிக்கொண்டே வரும். பத்தொன்பதில் வந்து நின்றுவிடும். ஆர்டர் கூடும், மெஷின் கூடும், ஷிப்ட் கூடும், பதிவேட்டில் மட்டும் பத்தொன்பது பேர்தான். இருபதாவது ஆள் எங்கே போனார்? முதலாளியின் மனைவி பெயரில் பக்கத்துக் கதவெண்ணில் ஓடும் இன்னொரு நிறுவனத்தில் இருப்பார். அல்லது கான்ட்ராக்டர் கணக்கில் இருப்பார். இரண்டும் இல்லையென்றால் வாரக் கடைசியில் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார்.

இந்த ஒளிவிளையாட்டுக்குக் காரணம் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். ஒரு நிறுவனத்தில் 20 பேர் ஆகிவிட்டால் பி.எஃப். கட்டாயம்.

20 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து 1952இல் முழுச் சட்டமானபோது சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், துணி என்ற ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலைகளுக்கு மட்டும். பிறகு ஒவ்வொரு தொழிலாகச் சேர்த்தார்கள். 1960 முடிவில் 50 என்பதை 20 ஆகக் குறைத்தார்கள். அதோடு சரி. 65 ஆண்டுகளாக அந்த எண் அசையவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே 20ஐத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் பத்தொன்பதில் நிறுத்துகிறவர்கள் நினைக்கிற அளவுக்குச் சட்டம் ஏமாளி இல்லை. கிளைகளும் துறைகளும் எத்தனை இடத்தில் இருந்தாலும் ஒரே நிறுவனமாகத்தான் எண்ணப்படும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் கணக்கில் உண்டு. 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவதால் பி.எஃப். பிடிக்கத் தேவையில்லாத மேலாளர்கூட, ஆள் கணக்கு என்று வரும்போது ஒரு தலைதான். ஒருமுறை 20ஐத் தொட்டுவிட்ட நிறுவனம் மறுபடி பன்னிரண்டாகச் சுருங்கினாலும் சட்டம் விடாது. வீட்டில் உட்கார்ந்து சுற்றினால் தொழிலாளி இல்லை என்று வாதாடிய பீடி உற்பத்தியாளர்களுக்கு, 1980களின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் வீட்டில் சுற்றுகிறவருக்கும் பி.எஃப். உண்டு என்று சொல்லிவிட்டது. புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கு முன்பு சில ஆண்டுகள் விலக்கு இருந்தது. 1997இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஓரளவு பெரிய பட்டறைகளின் கதை. உண்மையான சிறு தொழில் இந்த எண்ணுக்கு வெகு தூரத்தில் கிடக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று 2015-16இல் எடுத்த கணக்கின்படி நாட்டில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சுமார் 6.34 கோடி. அவற்றில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 11.1 கோடி. ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக இரண்டு பேர்கூட இல்லை, அதுவும் உரிமையாளரையும் சேர்த்து. தமிழ்நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 49.5 லட்சம் நிறுவனங்கள். ஓய்வுக்கால சேமிப்புக்கு 20 என்று கதவு வைத்தால் இவர்களில் ஆகப் பெரும்பாலோர் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது. 20 பேர் இல்லாவிட்டாலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளிகளும் சம்மதித்தால் தாமாகவே பி.எஃப்.க்குள் வரலாம். பழைய சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. புதிய தொகுப்பும் அதைத் தொடர்கிறது. 20 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: 12 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் கட்டினால் போதும்.

இதனால் யாருக்கு எவ்வளவு போகிறது, யாருக்கு எவ்வளவு வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். 12 சதவீத நிறுவனம் என்றால் அவர் சம்பளத்தில் 1,800 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளி இன்னொரு 1,800 போடுவார். அந்த 1,800இல் 1,250 ஓய்வூதிய நிதிக்குப் போகும். மிச்சம் 550தான் வைப்பு நிதியில் சேரும். இதுபோக காப்பீட்டுக்கு 75, நிர்வாகச் செலவுக்கு 75. ஆக முதலாளியின் கைக்காசு 1,950 ரூபாய். தொழிலாளியின் கணக்கில் மாதாமாதம் 2,350 ரூபாய் சேர்கிறது. 2023-24இலும் 2024-25இலும் கொடுக்கப்பட்ட 8.25 சதவீத வட்டியே தொடர்கிறது, சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டால்கூட 25 ஆண்டில் அது சுமார் 22 லட்சமாகிறது. அவர் கையிலிருந்து போனது 5 லட்சத்து 40 ஆயிரம். 58 வயதில் மாத ஓய்வூதியம் தனியாக 5,785 ரூபாய்.

10 சதவீத நிறுவனத்தில் என்ன ஆகும்? இருவரும் தலா 1,500. அதிலும் ஓய்வூதிய நிதிக்கு அதே 1,250 போகும். வைப்பு நிதிக்கு 1,750 சேரும். திரளும் தொகை 22 லட்சத்திலிருந்து சுமார் பதினாறரை லட்சமாகக் குறையும். ஓய்வூதியம் ஒரு பைசா குறையாது. சலுகை முழுவதும் சேமிப்பிலிருந்துதான் கழிகிறது, ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை. இதை எடுத்துச் சொல்லும் ஆடிட்டர்கள் அரிது.

மதுரையில் ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு கடை தாமாக முன்வந்து சேர்கிறது என்று கொள்வோம். எல்லோருக்கும் 15,000 சம்பளம். முதலாளியின் பங்கு 7,500, காப்பீடு 375, நிர்வாகக் கட்டணம் குறைந்தபட்சமான 500. மாதம் 8,375 ரூபாய். கடைக்காரர் முதலில் பார்ப்பது இந்தத் தொகையைத்தான். அதில் தவறில்லை. ஆனால் அந்த 375 ரூபாய் என்ன வாங்கித் தருகிறது என்று அவர் பார்ப்பதில்லை. தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் முதல் ஏழு லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு அது. ஆளுக்கு மாதம் 75 ரூபாயில் மருத்துவப் பரிசோதனை இல்லாமல், வயது கேட்காமல் இப்படி ஒரு பாலிசியை எந்த நிறுவனமும் விற்பதில்லை. ஓய்வூதியத் திட்டத்தில் ஒரே ஒரு மாதம் கட்டியிருந்தாலும் இறந்தவரின் மனைவிக்கு வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு, 25 வயது வரை இரண்டு குழந்தைகளுக்கும் உண்டு. பி.எஃப். என்றாலே கிழவயதுப் பணம் என்று பேசிப் பேசி, நடுவயதில் சாகிறவரின் குடும்பத்துக்கு அது என்ன செய்கிறது என்பதே மறந்துபோய்விட்டது.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் தாமாக வருவதில்லை?

முதல் தடை தொழிலாளியிடமிருந்தே வருகிறது. வேலைக்குச் சேர வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "கையில எவ்வளவு வரும்?" என்பதுதான். 15,000இல் 1,500 பிடித்தால் 13,500. அடுத்த தெருவில் பிடித்தமில்லாமல் 14,500 தருகிறேன் என்கிறார்கள். திருப்பூர் மாதிரி ஆள் தட்டுப்பாடு உள்ள ஊரில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரண்டு வருடத்தில் ஊர் திரும்ப நினைக்கிறவரிடம் 58 வயதைப் பற்றிப் பேசுவது யாருக்கும் சுலபமில்லை. வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் இந்த மாதமே வேண்டும். சேமிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்வது அபாண்டம்.

இரண்டாவது தடை பயம். சலான் கட்ட ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி கெடு. சிறு தொழிலில் 15ஆம் தேதி என்பது வசூல் வராத தேதி. பெரிய கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பில்லைப் பாஸ் செய்யும். பி.எஃப். அலுவலகம் ஒன்பது நாள்கூடக் காத்திருக்காது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். நீண்ட தாமதத்துக்கு ஆண்டுக்கு 25 சதவீதம் வரை ஏறிக்கொண்டிருந்த அந்த அபராதத்தை 2024 ஜூனில் மாதம் 1 சதவீதமாகக் குறைத்தது உண்மையான நிவாரணம்.

அடி வேறு திசையிலிருந்தும் வந்தது. 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கைக் கெடு தேதிக்குள் கட்டாவிட்டால், வருமான வரிக் கணக்கில் அதை முதலாளி செலவாகக் காட்ட முடியாது. பிற்பாடு கட்டினாலும் முடியாது. 40 பேர் உள்ள ஒரு கூட்டாண்மை நிறுவனம் 72,000 ரூபாயை மூன்று நாள் தாமதமாகக் கட்டியது என்றால் அந்த 72,000மும் அதன் வருமானமாகிவிடும். 30 சதவீத வரியில் 21,600 ரூபாய் போயிற்று. மூன்று நாள் தாமதத்துக்கு! அது தொழிலாளியின் பணம், முதலாளியிடம் ஒப்படைத்த பணம் என்ற நீதிமன்றத்தின் வாதம் தர்மப்படி சரிதான். பிடித்துவிட்டுக் கட்டாமல் விழுங்கியவர்கள் இந்த நாட்டில் ஏராளம். ஆனால் விழுங்கியவருக்கும் மூன்று நாள் தவறியவருக்கும் வித்தியாசம் பார்க்காத ஏற்பாட்டைப் பார்த்த பிறகு, சட்டம் கட்டாயப்படுத்தாத ஐந்து பேர் கடைக்காரர் தாமாக உள்ளே வருவார் என்று எதிர்பார்ப்பது எப்படி? வம்பை விலைக்கு வாங்குவானேன் என்றுதான் அவர் நினைப்பார்.

மூன்றாவது, சம்பளத்தைத் துண்டு போடும் பழக்கம். அடிப்படைச் சம்பளம் 7,000, சிறப்புப் படி 5,000, போக்குவரத்துப் படி 3,000 என்று பிரித்துவிட்டு 7,000க்கு மட்டும் பி.எஃப். பிடிப்பது நெடுங்கால வித்தை. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சூர்யா ரோஷ்னி முதலான வழக்குகளில் இதில் ஓட்டை போட்டது. எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படி எந்தப் பெயரில் இருந்தாலும் அடிப்படைச் சம்பளம்தான் என்றது. புதிய தொகுப்போ படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியது ஊதியமாகவே கருதப்படும் என்று வரையறையிலேயே எழுதிவிட்டது. பல ஆண்டுகள் 7,000க்குக் கட்டிவந்தவர் ஒருநாள் நோட்டீஸ் வாங்கும்போதுதான் மிச்சப்படுத்தியது மிச்சமில்லை என்று தெரிந்துகொள்கிறார்.

அரசு பயத்தோடு ஆசையும் காட்டுகிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கான மத்திய அரசின் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில், 50 பேருக்குக் குறைவான நிறுவனம் கூடுதலாக இரண்டு பேரை எடுத்து ஆறு மாதம் வைத்திருந்தால், ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். உற்பத்தித் தொழில் என்றால் நான்கு ஆண்டு. 15,000 சம்பளக்காரருக்கு அந்தத் தொகை 2,000. முதலாளியின் கைக்காசோ 1,950. அதாவது சில ஆண்டுகளுக்கு முதலாளியின் பி.எஃப். செலவை முழுதாகவே அரசு ஏற்றுக்கொள்கிறது. அடிப்படை நிபந்தனை ஒன்று உண்டு: நிறுவனம் பி.எஃப். அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். பத்தொன்பதில் நின்றவர்களுக்கு இந்தப் பணம் வராது.

பி.எஃப். பற்றி இவ்வளவு பேசும் முதலாளிகள் பணிக்கொடையைப் பற்றி வாயே திறப்பதில்லை. கிராஜுவிட்டி என்றால் வேலையை விட்டுப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற அலட்சியம். உண்மையில் சிறு தொழிலில் ஒளிந்திருக்கும் மிகப் பெரிய கடன் அதுதான். 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே 10 பேர் இருந்தாலே அது பொருந்தும். ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் கணக்கில். 30 ஆண்டுக்கு முன் 800 ரூபாய்க்குச் சேர்ந்தவர் இன்று 25,000 வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றால், 800 ரூபாய் வாங்கிய வருடத்துக்கும் 25,000தான் அளவு. மொத்தம் 4 லட்சத்து 32 ஆயிரம். பழைய ஆட்கள் ஆறு பேர் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றால் சிறு அச்சகம் ஒன்று ஆட்டம் கண்டுவிடும்.

ஐந்து ஆண்டு என்பதிலும் ஒரு திருப்பம் உண்டு, அதைச் செய்தது சென்னை உயர் நீதிமன்றம். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி வந்துவிடும் என்றது. நாலே முக்கால் வருடத்தில் ஆளை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தவர்களின் கணக்கை அந்தத் தீர்ப்பு கலைத்தது. இப்போது புதிய தொகுப்பு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் வருகிறவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு என்கிறது.

இந்தக் கடனுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்க வழி இருக்கிறது. எல்.ஐ.சி.யிலோ வேறு காப்பீட்டு நிறுவனத்திலோ குழு பணிக்கொடைத் திட்டம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளை வழியாக ஆண்டுதோறும் கட்டலாம். கட்டிய தொகைக்குச் சம்பளத்தின் 8.33 சதவீதம் வரை வரிக் கழிவு உண்டு. கணக்குப் புத்தகத்தில் வெறுமனே ஒதுக்கீடு என்று எழுதினால் கழிவு இல்லை, பணம் வெளியே போக வேண்டும். கர்நாடகம் 2024இல் இந்தக் காப்பீட்டையே கட்டாயமாக்கி விதி கொண்டுவந்தது. சிறு முதலாளி எடுக்கக்கூடிய முடிவுகளில் அதிகக் கவனம் பெற வேண்டியது இதுதான் என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. பி.எஃப். கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். பணிக்கொடைக்கு ஒதுக்காவிட்டால் நோட்டீஸ் வராது, ஒரு நாள் பழைய ஆள் வந்து எதிரில் நிற்பார்.

மற்ற திட்டங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009 மே மாதத்திலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நிறுவனம் தன் ஊழியருக்காகக் கட்டும் தொகையில் சம்பளத்தின் 14 சதவீதம் வரை, புதிய வரி முறையில் ஊழியருக்கு வரி இல்லை. பங்குச் சந்தையில் பங்கு கிடைப்பதால் நீண்ட காலத்தில் நன்றாகவே வளரக்கூடும். ஏற்றுமதி நிறுவனத்தில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கும் மெர்ச்சன்டைசருக்கு இது அருமையான ஏற்பாடு. தையல் மெஷினில் உட்காருகிறவருக்கு? ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரியே இல்லாத நாட்டில் 2 லட்சம் சம்பாதிப்பவருக்கு வரிச் சலுகை என்பது ஏட்டுச் சுரைக்காய். ஓய்வுக்கால சேமிப்புக்கு இந்த நாடு தரும் ஊக்கத்தில் பெரும்பகுதி வரி வழியாகவே போகிறது. வரி கட்டாதவருக்கு அதில் பங்கில்லை.

அவர்களுக்கென்று உள்ளவை அடல் ஓய்வூதியத் திட்டமும் பிரதம மந்திரி ஸ்ரம் யோகி மான்தன் திட்டமும். முன்னதில் 30 வயதுக்காரர் மாதம் 577 ரூபாய் கட்டினால் 60 வயதில் 5,000 ரூபாய் ஓய்வூதியம். பின்னதில் 29 வயதுக்காரர் 100 ரூபாய் கட்டினால் அரசும் 100 ரூபாய் போடும், 60 வயதில் 3,000 ரூபாய். கடைக்காரர் தன் ஐந்து பேருக்கும் அந்த 100 ரூபாயைத் தானே கட்டிவிடலாம், மாதம் 500 ரூபாய்தான் செலவு. சேராததைவிடச் சேர்ந்தது நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 30 ஆண்டு கழித்து வரும் 3,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 700 ரூபாய். அதைக் கொண்டு ஒரு மாதத்தை ஓட்ட முடியாது. தொகை முன்பே கல்லில் வெட்டியதுபோல் இருப்பதே இவ்விரு திட்டங்களின் அடிப்படைக் குறை.

பி.எஃப்.பில் சேர்ந்துவிட்டால் மட்டும் கதை சுபமாக முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. 2025 அக்டோபரில் பணம் எடுக்கும் விதிகளை மாற்ற முடிவெடுத்தபோது தொழிலாளர் அமைச்சகம் ஒரு புள்ளிவிவரம் சொன்னது. இறுதிக் கணக்கு முடிக்கும்போது உறுப்பினர்களில் பாதிப் பேரின் இருப்பு 20,000 ரூபாய்க்கும் குறைவு. முக்கால்வாசிப் பேருக்கு 50,000க்கும் குறைவு. மேலே போட்ட 22 லட்சக் கணக்கு எங்கே, இந்த 20,000 எங்கே? வேலை மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவதுதான் இடையில் நடப்பது. எடுத்தால் வட்டி வளர்ச்சி மட்டும் போவதில்லை. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். நடுவில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டவருக்கு அந்த ஆண்டுகள் அழிந்துபோகும். நான்கு கம்பெனிகளில் மூன்று மூன்று வருடம் வேலை பார்த்து ஒவ்வொரு முறையும் எடுத்தவர் பன்னிரண்டு வருடம் கட்டியும் ஓய்வூதியம் இல்லாதவர்.

2014இல் வந்த பொதுக் கணக்கு எண், அதாவது யு.ஏ.என்., இதைத் தடுக்கத்தான். ஒரே எண், எத்தனை கம்பெனி மாறினாலும் தொடரும். நடைமுறையில் அது தடுக்கி விழும் இடம் சிறு நிறுவனத்தின் அலுவலக மேசை. ஆதாரில் "முருகேசன்", பி.எஃப்.பில் "முருகேஷ்" என்று இருக்கும். வேலையை விட்ட தேதியைப் பழைய முதலாளி பதிவேற்றியிருக்க மாட்டார். இந்த இரண்டை மட்டும் சரியாகச் செய்கிற முதலாளி தன் தொழிலாளிக்கு எந்தப் புதிய திட்டத்தையும் விட அதிகம் செய்தவராவார். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, அக்கறை மட்டும் வேண்டும். போகிறவர் கணக்கைச் சரியாக முடித்து அனுப்புவதில் தனக்கென்ன லாபம் என்று நினைக்கும் மனநிலைதான் இங்கே பெரிய முட்டுக்கட்டை.

20 என்ற எண் தவிர்க்க முடியாததா? பிரிட்டன் வேறு விதமாக யோசித்தது. 2008ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக 2018க்குள் எல்லா முதலாளிகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு சமையல்காரரை வைத்திருக்கும் வீடும் அதில் அடக்கம். 22 வயதைக் கடந்து ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் ஊழியர் தாமாகவே சேர்க்கப்படுவார். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். விலகியவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். பங்களிப்பையும் எடுத்த எடுப்பில் ஏற்றவில்லை. மொத்தம் 2 சதவீதத்தில் தொடங்கி 2019 ஏப்ரலில் 8 சதவீதத்துக்கு வந்தார்கள், அதில் முதலாளியின் குறைந்தபட்சப் பங்கு 3. சிறு கடைக்காரரைத் தனியார் நிதி நிறுவனங்கள் சீந்தாது என்பது தெரிந்ததால், எந்த முதலாளி வந்தாலும் மறுக்கக் கூடாது என்ற கடமையோடு நெஸ்ட் என்ற பொது நிதியத்தையே அரசு கடன் கொடுத்து உருவாக்கியது. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலம் 2017இல் இன்னும் இலேசான வழியைத் தொடங்கியது. அங்கே சொந்தத் திட்டம் இல்லாத முதலாளி தன் பணத்தைப் போட வேண்டியதில்லை, ஊழியரின் சம்பளத்தில் பிடித்து மாநிலத் திட்டத்துக்கு அனுப்பினால் போதும்.

பிரிட்டனின் சம்பளப் பட்டியலும் திருப்பூரின் வாரக்கூலியும் ஒன்றல்ல. பீஸ் ரேட்டில் இந்த வாரம் 4,000, அடுத்த வாரம் 1,200 வாங்குகிறவருக்கு 12 சதவீதம் என்ற எடுத்த எடுப்புச் சுமை பொருந்தாது. ஆனால் 2 சதவீதத்தில் தொடங்கினால்? ஒருவர் இருந்தாலும் சேரலாம், தாமதமானால் முதல் சில தடவை வட்டி மட்டும் என்று இருந்தால்? பத்தொன்பதாவது ஆளுக்கும் இருபதாவது ஆளுக்கும் நடுவே பூஜ்யத்திலிருந்து 13 சதவீதத்துக்கு ஏறும் செங்குத்துச் சுவர்தான் ஆள்களை ஒளிக்கச் செய்கிறது. அது சரிவாக இருந்தால் ஒளிக்க அவசியமே வராது. சட்டத் தொகுப்பை எழுதியவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அவர்கள் பழைய எண்ணையே மறுபடி எழுதினார்கள்.

இந்த விவாதத்தில் எப்போதும் விடுபடுகிறவர் ஒருவர் உண்டு: முதலாளி. தனியுரிமை நிறுவனத்தின் உரிமையாளரும் கூட்டாளியும் சட்டத்தின் கண்ணில் ஊழியர் இல்லை, அவர்களுக்கு பி.எஃப். கிடையாது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் உள்ள வணிகர்களுக்கு 2019இல் அரசு கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டமும் அதே 3,000 ரூபாய்க் கணக்குதான். பெரும்பாலோர் லாபத்தையெல்லாம் மறுபடி மெஷினிலும் இடத்திலும் போடுகிறார்கள். பையன் வந்து பார்த்துக்கொள்வான் என்பது பழைய ஓய்வூதியத் திட்டம். பையன் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறான், அவனுக்கு மாதாமாதம் பி.எஃப். சரியாகப் போகிறது.

அவர்களுக்கு ஆடிட்டர் சொல்லவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1968இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.பி.எஃப்.பில், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம். ஆனால் கடன் வாங்கித் தொழில் செய்கிறவருக்கு முக்கியம் வட்டி அல்ல. தொழில் நொடித்து, கடன் கொடுத்தவர் சிவில் நீதிமன்றத் தீர்ப்போடு வந்து நின்றாலும் அந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. கட்டடமும் மெஷினும் ஏலத்துக்குப் போகும், அது போகாது. அவரிடம் வேலை பார்த்தவரின் பி.எஃப். இருப்புக்கும் சட்டம் அதே பாதுகாப்பைத்தான் கொடுத்திருக்கிறது, இருபதாவது ஆளாக அவர் பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தால்.